பால்சங்கிலிருந்து தொடங்குங்கள்: இராமநாதபுரம் கடற்கரையில் வாழ்ந்த ஒரு சாதாரண முன்னோரை அவர் காலத்தோடு சேர்த்து எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் ஒரு பால்சங்கு இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். குழந்தையின் வாயில் வைக்கும் நுனி தேய்ந்து வழவழவென்று கண்ணாடிபோல் ஆகிவிட்டது. வெளிப்புறத்தில் கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் வெண்மை மங்கி லேசான மஞ்சள் ஏறியிருக்கிறது. என் அப்பாவுக்கும் அவர் உடன்பிறந்த ஐந்து பேருக்கும் பிறகு எங்களுக்கும் இதில்தான் பால் புகட்டினார்கள். "ஐயா குளித்தெடுத்த சங்கு" என்று வீட்டில் சொல்வார்கள்.

ஐயா, அதாவது என் அப்பாவின் அப்பா, சேதுக்கரைப் பக்கம் சங்கு குளித்தவர், அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுத்தவர். நான் எழுத உட்கார்ந்தபோது அவரைப் பற்றி எங்கள் குடும்பத்திடம் இருந்தவை மூன்றே வாக்கியங்கள்: சங்கு குளித்தார். தனுஷ்கோடி அழிந்த புயலில் தப்பினார். அரிசி கிடைக்காத காலத்தில் பிள்ளைகளைப் பட்டினி போடாமல் காப்பாற்றினார். அந்த மூன்று வாக்கியங்கள் பதினான்கு பக்கங்களாக வளர எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. நான் போன வழியையும், தவறிய இடங்களையும் இங்கே எழுதுகிறேன். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். சங்கு குளித்தவரையும், கருப்பட்டி காய்ச்சியவரையும், கப்பலில் மூட்டை ஏற்றியவரையும் அவரவர் வீட்டார் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

முதல் படி: ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

ஏழு தலைமுறைக் கொடிவழி வரையும் ஆசையைத் தள்ளிவையுங்கள். ஒரே ஒருவர் போதும். அவரை நேரில் பார்த்த ஒருவராவது இன்று உயிரோடு இருக்கவேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு முழுத்தாளில் உங்களுக்குத் தெரிந்ததை வரிவரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னது என்று குறியுங்கள். பாதி வரிகளுக்கு "வீட்டில் சொல்வார்கள்" என்பதைத் தவிர எழுத ஒன்றும் இருக்காது. அந்த வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள். பின்னால் தேடவேண்டியவை அவைதான்.

இரண்டாம் படி: தொழிலை முதலில் எழுதுங்கள்

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். வரலாறு என்றதும் ஆங்கிலேயர் ஆட்சி, உலகப்போர், விடுதலை என்று தலைப்புகளை எழுதிவிட்டு, "அப்போது எங்கள் தாத்தா எங்கே இருந்தார்?" என்று தேடத் தொடங்குகிறோம். தாத்தா அங்கே எங்கும் இருக்கமாட்டார். கடலிலோ பனைமரத்திலோ இருந்திருப்பார். காலம் அவரைத் தேடிக்கொண்டு அங்கேதான் வந்தது. கூலியாக, விலையாக, தடையாக, குத்தகையாக வந்தது. ஆகவே தாளின் தலையில் பெயருக்கு அடுத்தபடியாக அவருடைய தொழிலை எழுதுங்கள். அதற்குக் கீழே நான்கு கேள்விகள்: அவர் எடுத்த பொருள் யாருக்குச் சொந்தம்? யார் அளந்தார்கள்? எங்கே போயிற்று? எந்த ஆண்டில் அந்த வழி மாறியது?

ஐயாவின் சங்கை வைத்தே காட்டுகிறேன். இந்தக் கரையின் சங்குக் குளிப்பு உரிமை நெடுங்காலம் இராமநாதபுரம் சமஸ்தானத்திடம் இருந்தது. அது குத்தகைக்கு விடப்படும். கடலில் மூச்சடக்கி இறங்கியவருக்குக் கிடைத்தது எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிதான். கரைக்கு வந்த சங்குகளை அளவு பார்த்துப் பிரிப்பார்கள். குறித்த அளவுக்குச் சிறியதைக் கடலிலேயே விட்டுவிடவேண்டும். பூச்சி அரித்ததைக் கழித்துவிடுவார்கள். தேறியவை வங்காளத்துக்குப் போயின. அங்கே சங்கை ரம்பத்தால் அறுத்து மணமான பெண்களுக்கு வளையல் செய்தார்கள். டாக்கா நகரில் அந்த வேலைக்கென்றே சாங்காரி பஜார் என்று ஒரு தெரு உண்டு. 1947-இல் நாடு பிரிந்தபோது டாக்கா வேறு நாட்டுக்குள் போயிற்று. அதுவரை ஒரே நாட்டுக்குள் பயணம் செய்த சங்கு இனி ஓர் எல்லையைக் கடக்கவேண்டியதாயிற்று. பிரிவினை என்றால் பஞ்சாபில் நடந்தது என்றே நினைத்துக்கொண்டிருந்த நான், அது சேதுக்கரையில் மூச்சடக்கிய ஒரு மனிதரின் தொழில்வழியிலும் குறுக்கிட்டது என்று உணர்ந்த இரவில் தூங்கவே இல்லை.

மதராஸ் மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல் 1914-இல் சங்குக் குளிப்பைப் பற்றி மட்டுமே ஒரு முழு அறிக்கை வெளியிட்டார். உங்கள் முன்னோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமல் இருக்கலாம். அவருடைய தொழில் ஏதாவது ஓர் ஏட்டில் இருந்தே தீரும்.

மற்றத் தொழில்களுக்கும் இதே வழிதான். சாயல்குடிப் பக்கம் பனையேறியவர் என்றால் 1948 அக்டோபர் 2-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்த நாள் அது. அதன்பிறகு அவருக்குப் பதநீரும் கருப்பட்டியும்தான். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஆகவே தடவினாரா இல்லையா என்பது சட்டக் கேள்வியாகிவிட்டது. தனுஷ்கோடித் துறையில் மூட்டை சுமந்தவர் என்றால் அவர் பிழைப்பின் வாழ்நாள் 1914-இலிருந்து 1964 வரை, ஐம்பது ஆண்டு. பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் ரயிலின் பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கி நீராவிக் கப்பலில் தலைமன்னார் போனார்கள். பாட்டி தீவுகளுக்குப் போய்க் கடல்பாசி எடுத்தவர் என்றால் 1986 முக்கியம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான ஆண்டு அது. படகு வைத்துப் பயணிகளை ஏற்றியவர் என்றால், அப்துல் கலாமின் தந்தையும் அந்தத் தொழில்தான் செய்தார் என்பது நினைவிருக்கட்டும். அவர் பெயர் நமக்குத் தெரிவது மகனால். அவரோடு அதே கடலில் படகு ஓட்டிய மற்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இதைப் படிக்கும் நீங்கள்.

மூன்றாம் படி: பெரியவர்களிடம் கேட்பது

"எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். நேர்காணல் எடுப்பவர்போல் எதிரே நாற்காலி போட்டு உட்காரவும் வேண்டாம். மீன் ஆயும்போதோ முருங்கைக்கீரை உருவும்போதோ பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் இரண்டு ஈர்க்கை உருவுங்கள். கைக்கு வேலை இருக்கும்போதுதான் நினைவு வாய்க்கு வரும்.

நான் அத்தையிடம் கேட்டு நல்ல பதில் கிடைத்த கேள்விகள் இவை. அப்போது உங்கள் இடுப்பில் இருந்த தம்பி எது? கச்சான் காற்று அடித்ததா, வாடைக் காற்றா? வீட்டில் என்ன வெந்தது? ஐயா கடலிலிருந்து வந்ததும் முதலில் என்ன கேட்பார்?

கடைசிக் கேள்விக்கு அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டார். "வெந்நீர் கேட்பார் அப்பு. குடிக்க இல்லை, காதில் ஊற்ற. அவருக்கு இடது காது கேட்காது, தெரியுமா உனக்கு?" எனக்குத் தெரியாது. ஐயாவிடம் வலப்பக்கமாக நின்றுதான் எல்லோரும் பேசுவார்களாம். ஆழத்தில் நீரின் அழுத்தம் குளியாட்களின் செவிப்பறையைக் கிழித்துவிடும். மூன்று வாக்கியங்களில் அடங்கிக் கிடந்தவருக்கு அன்றுதான் உடம்பு வந்தது.

கைப்பேசியில் பதிவு செய்யலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரே செய்தியை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். கூடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டு கேட்டால் மூத்த ஆண் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பெண்கள் அடுப்படியில் சொல்வது வேறாக இருக்கும். பெரும்பாலும் அதுவே நுணுக்கமாகவும் இருக்கும்.

நான்காம் படி: காலத்தைப் பொருத்துவது

நம் பெரியவர்கள் ஆண்டை எண்ணால் சொல்வதில்லை. தாது வருஷம், மன்மத வருஷம் என்று பெயரால் சொல்வார்கள். அந்த அறுபது பெயர்களும் சுற்றிச்சுற்றி வருபவை. தாது என்றால் 1876-77 பஞ்சம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். 1936-37-உம் தாதுதான். பிறந்த ஆண்டு தாது என்று சொன்னவரின் தங்கை 1940-இல் பிறந்தவர் என்றால் விடை தானாகத் தெரிந்துவிடும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்து இஸ்லாமியக் குடும்பங்களில் ஹிஜ்ரி ஆண்டு வழக்கில் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டு சுமார் பதினோரு நாள் குறைவு. ஆகவே ஹிஜ்ரிக் கணக்கில் 66 வயது என்றால் நம் கணக்கில் 64. பழைய கடிதங்கள் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில் இருந்தால் ஓதத் தெரிந்த பெரியவர் ஒருவரை உடனே தேடிப் படிக்கக் கேளுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

நான் தவறிய இடமும் இதுதான். "தனுஷ்கோடி அழிந்த புயலில் தப்பினார்" என்ற வாக்கியத்தை அப்படியே நம்பி, 1964 டிசம்பர் 22 இரவு, பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது, துறைமுக ஊர் மூழ்கியது என்று நான்கு பக்கம் உணர்ச்சியோடு எழுதியும் முடித்திருந்தேன். பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: "கார்த்திகை விளக்கு வைத்து ஒன்றிரண்டு நாளில் அல்லவா அது? விளக்கு வைத்த மாவிளக்குத் தட்டுகூட அப்படியே இருந்ததே."

1964-இல் கார்த்திகைத் தீபம் நவம்பர் நடுவிலேயே முடிந்துவிட்டது. தனுஷ்கோடி அழிந்தது மார்கழியில், திருவாதிரை கழிந்த இரண்டு மூன்று நாளில். அந்தப் புயலைச் சொல்பவர்கள் உத்தரகோசமங்கைக் கோயிலின் திருவாதிரை விழாவான ஆருத்திரா தரிசனத்தையொட்டிச் சொல்வார்கள். பெரியப்பா சொன்னது பொருந்துவது 1955-க்கு. அந்த ஆண்டு நவம்பர் 29-இல் கார்த்திகைப் பௌர்ணமி. டிசம்பர் 1-ஐ ஒட்டித் தஞ்சை, இராமநாதபுரம் கரையைப் பெரும்புயல் தாக்கியது. தனுஷ்கோடியின் பெயர் பெரிதாகப் பெரிதாக, முந்தைய புயலை அது எங்கள் குடும்ப நினைவுக்குள் விழுங்கிவிட்டது. நான்கு பக்கங்களையும் கிழித்தேன். மனம் கனத்தது உண்மை. ஆனால் ஐயா உண்மையிலேயே நனைந்த மழையை விட்டுவிட்டு, பேர்பெற்ற மழை ஒன்றில் அவரை நிறுத்த எனக்கு உரிமை இல்லை.

ஆண்டு தெரியாத நிகழ்வுக்கு மாதத்தைக் கேளுங்கள், திருவிழாவைக் கேளுங்கள், நிலாவைக் கேளுங்கள். ஆண்டு மறந்தவர்களுக்கும் அன்று நிலவு இருந்ததா என்பது நினைவிருக்கும். பழைய பஞ்சாங்கத்தையும் நாட்காட்டியையும் வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒரே ஆண்டுதான் மிஞ்சும்.

ஐந்தாம் படி: காகிதங்கள்

டிரங்குப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அது பெரும் புதையல். அதில் தகப்பனார் பெயர், குடியிருந்த ஊர், தொழில், நான்கு எல்லை எல்லாம் இருக்கும். எல்லையில் வரும் அண்டைவீட்டார் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உங்கள் முன்னோரைப் பற்றி வேறொரு கதை வைத்திருப்பார்கள். பத்திரத்தில் தேதி சிதைந்திருந்தால் முத்திரையைப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை என்றால் 1910-க்கும் 1936-க்கும் இடையில் அச்சானது. அணா, பை என்று கணக்கு இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. அந்த மாதத்தில்தான் நயா பைசா வந்தது.

நில ஆவணம் தேடுவோருக்கு ஒரு முன்னறிவிப்பு. இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி ஜமீன் நிலம். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரிப் பட்டா, அதாவது உழவர் அரசுக்கு நேரே வரி கட்டும் பட்டா வந்தது. அதற்கு முந்தைய உரிமை சமஸ்தானக் கணக்கில் இருந்திருக்கும். மாவட்டத்தின் எல்லையும் மாறியிருக்கிறது. 1910-இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்துக்கு நெடுங்காலம் தலைமையிடம் மதுரை. 1985-இல்தான் அது மூன்றாகப் பிரிந்தது. எனவே பழைய கோப்பு மதுரையிலோ, எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ இருக்கக்கூடும்.

பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. ஞானப்பெற்றோர் யார் என்று பார்த்தால் அன்றைய நட்பும் தொழில் உறவும் தெரியும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஐந்து வயது நிரம்பக் கணக்குப் பார்த்து வாத்தியார் போட்ட தேதிகள் நிறைய.

இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் என்றால் கடவுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். முகம் தெரியாத பல கொள்ளுத்தாத்தாக்களின் ஒரே படம் அதில்தான் இருக்கிறது. மண்டபம் முகாம் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை நோய்த்தொற்று அஞ்சித் தடுத்துவைத்த இடம். 1964 அக்டோபர் 30-இல், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரைப் பற்றிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பின், திரும்பி வந்தவர்களை முதலில் தங்கவைத்த இடமும் அதுவே. ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்றுக்கொண்டது 5,25,000 பேரை. அது கையெழுத்தாகி 53-ஆம் நாள் தனுஷ்கோடித் துறையே இல்லாமல் போயிற்று. வந்தவர்கள் இராமேசுவரத்தில் கரை இறங்கினார்கள். பாட்டன் ஏறிப்போன துறை, பேரன் திரும்பி வந்தபோது இல்லை. இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆறாம் படி: இரண்டு பத்தித் தாள்

ஒரு நீளத் தாளில் நடுக்கோடு போடுங்கள். இடப்புறம் கரையின் காலம், வலப்புறம் அவர் வாழ்வு. இடப்புறத்துக்கு நான் வைத்துக்கொண்டவற்றில் சிலவற்றைத் தருகிறேன். ஒவ்வொன்றோடும் வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி இருக்கிறது.

- 1914, பாம்பன் ரயில் பாலம். அதற்கு முன் தீவுக்குப் படகுதான். முதன்முதலில் ரயிலேறியது யார், எதற்காக?
- 1942, ஜப்பானியரிடம் பர்மா வீழ்ந்தது. ரங்கூனிலிருந்து நடந்தே திரும்பியவர் உண்டா? பர்மா அரிசி நின்றபின் உலையில் என்ன ஏறியது?
- 1948, இலங்கைக் குடியுரிமைச் சட்டம். தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். தோட்டத்தில் இருந்த உறவினரிடமிருந்து கடிதம் வந்ததா?
- 1964, தனுஷ்கோடி.
- 1974, கச்சத்தீவு ஒப்பந்தம். வலை காயவைக்கவும் அந்தோணியார் திருவிழாவுக்கும் போய்வந்தவர்கள் யார்?
- 1983, இலங்கைக் கலவரம். கரையில் வந்திறங்கியவர்களுக்குச் சோறு போட்ட வீடு எது?
- 1988, பாம்பன் சாலைப் பாலம். முதல் பஸ்ஸில் போனவர் உண்டா?

வலப்புறத்தில் நிறைய இடம் காலியாகவே இருக்கும். அதை நிரப்பத் துடிக்காதீர்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஐயா என்ன செய்தார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

ஏழாம் படி: பேசாத இடங்கள்

கேள்வி கேட்டதும் பேச்சு மாறும் இடங்கள் இருக்கும். கடன், முதல் மனைவி, சாதிச் சண்டை, ரேகைச் சட்டம். ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன குற்றப்பரம்பரைச் சட்டத்தில் பதிவாகி இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்டவேண்டியிருந்த குடும்பங்கள் இந்த மாவட்டத்தில் இருந்தன. மதராஸ் மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது. அதைத் தம் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைந்தவர்கள் உண்டு. அவர்கள் மௌனத்தை உடைத்துத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். "இதை எழுதாதே" என்றால் எழுதாதீர்கள். உயிரோடு இருப்பவரின் முகம் வாடும்படி இறந்தவரின் கதை இருக்கக்கூடாது.

எட்டாம் படி: எழுதுவது

மூன்று விதமான வினைமுற்றுகளைப் பிரித்துவைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் உள்ளதற்கு "செய்தார்". ஒருவர் நினைவிலிருந்து சொன்னதற்கு "செய்தார் என்று அத்தை சொல்கிறார்". காலத்தைப் பார்த்து நீங்கள் ஊகிப்பதற்கு "செய்திருக்கலாம்". இந்த மூன்றையும் கலக்காமல் இருந்தாலே எழுத்துக்கு நேர்மை வந்துவிடும். ஐயாவைப் பற்றிய என் பக்கத்திலிருந்து சில வரிகள்:

"1955 கார்த்திகையில் அவர் கரையில்தான் இருந்தார் என்று பெரியப்பா சொல்கிறார். காற்று வாடையிலிருந்து திரும்பியதும் வள்ளத்தைத் தாழை மரத்தில் கட்டிவிட்டு வந்தாராம். விடிந்து பார்த்தபோது தாழையும் இல்லை, வள்ளமும் இல்லை. அடுத்த பருவத்தில் அவர் பிறர் வள்ளத்தில் கூலிக்குப் போயிருக்கலாம். 1957-இல் அவர் எழுதிக்கொடுத்த கடன் பத்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. கைநாட்டு வைத்திருக்கிறார். ரேகை தெளிவாக விழவில்லை. பெருவிரலில் ஒரு வெட்டுத்தழும்பு குறுக்கே ஓடுகிறது."

முடித்ததும் அச்சிட்டு, அவரை அறிந்தவர்களிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் அப்போதுதான் வரும். நான் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதினான்கு பக்கங்களையும் வாசித்தேன். முதல் பக்கத்தில் பால்சங்கு வந்ததும் அத்தை கையமர்த்தினார்.

"அந்தச் சங்கு ஐயா எடுத்தது என்று யார் சொன்னது? அது அப்பத்தா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அவர்கள் அம்மா கொடுத்தனுப்பியது. ஐயா எடுத்த சங்கு ஒன்றுகூட நம் வீட்டில் தங்கியதில்லை அப்பு. எல்லாம் எண்ணிக்கொண்டு போய்விடுவார்கள்."

பேனாவை எடுத்து ஓரத்தில் திருத்தம் எழுதினேன். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து, தலையில் எழுத அப்பத்தாவின் அம்மா பெயர் என்னவென்று கேட்டேன். அத்தை கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். பெயர் வரவில்லை. "ஓலை முடைவார்கள். அவர்கள் முடைந்த பெட்டியில் தண்ணீர் ஊற்றினால்கூட ஒழுகாது என்பார்கள்" என்றார். பெயருக்கு இடம் விட்டு, அடுத்த வரியில் தொழில் என்று எழுதி, ஓலை என்று போட்டேன்.